மண்ணுக்குள் போன ஆசான்

ஆப்பிரிக்கச் சிற்பங்களைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றை ஒரு சமயம் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் கை தானாக நின்றது. கருத்த மரத்தில் செதுக்கிய மான் உரு. வானை நோக்கி எழும் நெடுங்கொம்புகள். வளைந்த பிடரியில் கோலம் போட்டாற்போல் துளைகள். 'என்ன நளினம்!' என்று வியந்து பக்கத்தைத் திருப்பிவிட்டேன். நான் பார்த்தது பாதிதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

நைஜர் நதி பாயும் மாலி நாட்டில் பமானா என்ற உழவர் குலத்தார் வாழ்கிறார்கள். அந்த உருவுக்கு அவர்கள் இட்ட பெயர் சிவாரா. 'உழவு செய்யும் விலங்கு' என்று பொருள். பாதி மனிதனும் பாதி மிருகமுமான சிவாராதான் ஆதியில் மக்களுக்கு உழவைக் கற்றுத் தந்ததாம். நகத்தாலும் கோலாலும் நிலத்தைக் கீறித் தானியம் விளைவித்துக் காட்டியதாம். குதிர்கள் நிறைந்தன, கூடவே ஜனங்களுக்கு அலட்சியமும் வந்தது. விளைந்ததை விரயம் செய்தார்கள். மனம் நொந்த சிவாரா மண்ணுக்குள் தன்னைப் புதைத்துக்கொண்டுவிட்டது. அதன் நினைவாகத்தான் மரத்தில் அந்த உருவைச் செதுக்கினார்கள்.

முகமூடி என்று நாம் சொன்னாலும் முகத்தில் அணிவதில்லை. கூடைபோல் முடைந்த குல்லாயில் பொருத்தித் தலையில் சூடுகிறார்கள். உடலை நார் ஆடை மறைக்கும். இரு கைகளிலும் கோல் ஊன்றிக் குனிந்து, மண்ணைக் கீறும் மிருகம்போல் ஆடுவார்கள். ஆடும் உரிமை உழைப்பில் சிறந்த வாலிபர்களுக்கே. பெண்கள் பாடி உற்சாகமூட்டுவார்கள். இதில் ஒரு நியதி உண்டு: ஆண் உருவும் பெண் உருவும் ஜோடியாகத்தான் ஆடவேண்டும். ஆண் சூரியன், குட்டியை முதுகில் சுமக்கும் பெண், பூமி. ஒன்றில்லாமல் விளைச்சல் ஏது?

இஸ்லாம் பரவப் பரவப் பல கிராமங்களில் இந்தச் சடங்கு மங்கியது. உருவங்களோ கடல் கடந்து போயின. நியூயார்க்கிலும் சிகாகோவிலும் காட்சிசாலைகளில் அவை கண்ணாடிக்குள் நிற்கின்றன. குல்லாய் இல்லை, நார் ஆடை இல்லை, பாட்டு இல்லை. துணையைப் பிரிந்து தனியே நிற்பவையும் உண்டு. பார்ப்பவர்கள், என்னைப்போலவே, கொம்பின் வளைவை மெச்சிவிட்டு நகர்கிறார்கள்.

அழகுக்காக அதை யாரும் செதுக்கவில்லை. சோறு போட்டவனை மறந்த குற்றத்துக்கு ஒரு ஜனசமூகம் தானே எழுதி வைத்துக்கொண்ட மன்னிப்புச் சீட்டு அது. தட்டில் மீந்த சோற்றைக் கொட்டப் போகும்போதெல்லாம் அந்தக் கொம்புகள் என் நினைவில் எழுகின்றன.