வலைக்குழாயும் மகளிர் நெஞ்சும்

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரி உங்கள் நினைவுக்கு வருதல் இயல்பு. எனக்கோ செம்மேட்டில் எங்கள் அண்டை வீட்டில் வாழ்ந்த ஒரு பாட்டியார் நினைவுக்கு வருகிறார். முதுகிலும் தாடையிலும் வலி கண்டபோது, மிளகு பறித்த களைப்பு என்றெண்ணி இரண்டு நாள் பொறுத்திருந்தார். பின்னரே எழுபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து அவரைச் சமவெளிக்குக் கொண்டு சென்றோம். அடைபட்டிருந்த இதயத் தமனியில் ஸ்டென்ட் எனப்படும் சிறு வலைக்குழாயைப் பொருத்தினார்கள். ஆயினும் இதயத்தசை அதற்குள் பெரிதும் பழுதுற்றிருந்தது. இச்சிகிச்சை ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் ஒரே பயனைத் தருகின்றதா என்னும் வினா அன்றுதான் என்னுள் எழுந்தது.

அதன் வரலாறு நெடியதன்று. 1977 செப்டம்பர் 16ஆம் நாள், சூரிச் நகரில் ஆந்திரியாஸ் குருன்ட்சிக் என்னும் மருத்துவர் ஓர் ஆடவரின் இதயத் தமனியைச் சிறு பலூனால் விரித்தார். 1986இல் பிரான்சில் ழாக் புயெலும் சுவிட்சர்லாந்தில் உல்ரிக் சிக்வார்ட்டும் வலைக்குழாயைப் பொருத்தத் தொடங்கினர். நம் நாட்டில் பலூன் சிகிச்சையை வேரூன்றச் செய்த முன்னோடிகளுள் ஒருவர் சென்னையின் மருத்துவர் மாத்யூ சாமுவேல் களரிக்கல்.

தொடக்க கால ஆய்வுகளில் இடம்பெற்றோர் பெரும்பாலும் ஆடவரே. பெண்டிரைத் தனியே கணக்கிட்டபோது, மருத்துவமனையிலேயே இறப்போர் அவர்களுள் மிகுதி எனத் தெரிந்தது. பெண்ணுடலின் இயல்பே காரணம் என்று கருதியோரும் உண்டு. அஃது அவசர முடிவு என்பேன். பெண்டிர் முதிய வயதில், நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உடையவராய் வருகின்றனர். அவர்தம் தமனிகள் சிறியவை. குழாய் செலுத்துமிடத்தில் குருதிக் கசிவும் அவர்களுக்கு மிகுதி. இவற்றையெல்லாம் கணக்கிற்கொண்டால் வேறுபாடு பெரிதும் சுருங்குகின்றது. மாரடைப்பு நேர்ந்தவரிடத்தில் மட்டும் ஓரளவு எஞ்சுகின்றது. அதற்கு ஒரு முக்கியக் காரணம் காலத்தாழ்வு. ஆணைப்போல் நோயைக் காட்டினாலன்றிப் பெண்ணுக்கு உரிய சிகிச்சை கிட்டுவதில்லை என 1991இலேயே அமெரிக்க மருத்துவர் பெர்னடைன் ஹீலி இடித்துரைத்தார்.

தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை நிகழ்ந்த ஒரு முயற்சி இங்கு நினைக்கத்தக்கது. சிறு மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு ஆம்புலன்ஸ் வழியே இணைத்தார்கள். தொலைவில் உள்ளோர்க்கு முதலில் குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்து, அதன்பின் தமனிச் சிகிச்சை என்பது அதன் ஏற்பாடு. ஓராண்டுக்குள் இறப்போர் தொகை குறைந்ததை 2017இல் வெளியான முடிவுகள் காட்டின. மலைவாழ் மக்களுக்கு இதனினும் ஏற்ற வழி உண்டோ? ஆனால் வலியை வலியென்று சொன்ன பின்னரே அவ்வண்டி புறப்படும்.

பாட்டியார் மேலும் மூன்றாண்டு வாழ்ந்தார். மிளகுத் தோட்டத்திற்கு மட்டும் ஏற இயலவில்லை. மறு ஆண்டு அவருடைய மகனுக்கு நெஞ்சு வலி கண்டது. அன்றிரவே நாங்கள் வண்டி பிடித்தோம்.