வாக்கு ரகசியமும் வாக்குப்பதிவு இயந்திரமும்: வழக்குகளின் வரலாறு

யாருக்கு வாக்களித்தார் என்று எந்த வாக்காளரையும் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்கிறது 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். 94ஆம் பிரிவு சாட்சிக் கூண்டிலும் வாக்காளருக்கு இந்தப் பாதுகாப்பைத் தருகிறது. 128ஆம் பிரிவு தேர்தல் பணியாளர்கள் ரகசியம் காக்கக் கட்டளையிடுகிறது.

மின்னணு இயந்திரம் முதன்முதலில் 1982 மே மாதம் கேரளத்தின் பறவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் பயன்பட்டது. 123 வாக்குகளில் தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குத் தொடுத்தார். சட்டத்தில் இடமில்லாத இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் தன் உத்தரவால் புகுத்த முடியாது என்று 1984 மார்ச் 5இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுவாக்குப்பதிவில் ஜோஸ் வென்றார். இயந்திரத்துக்கு இடமளிக்கும் 61-ஏ பிரிவு 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 2001இல் தமிழ்நாடு முழுவதும் இயந்திரம் வந்தபோது அ.தி.மு.க. தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

ரகசியத்தை நேராகத் தொட்டது 49-ஓ விதி. எவருக்கும் வாக்களிக்க விரும்பாதவர் அதை அலுவலரிடம் சொல்லி, கட்சி முகவர்கள் பார்த்திருக்கப் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டியிருந்தது. எழுத்தாளர் ஞாநி ‘ஓ போடு’ என்று இதற்காகப் பிரச்சாரம் செய்தார். ஆனால் ஊரறிய ஓ போடத் துணிந்தவர் சிலரே. மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் வழக்கில் தலைமை நீதிபதி ப. சதாசிவம் அமர்வு 2013 செப்டம்பர் 27இல் இந்த முறையைச் சட்டவிரோதம் என்றது. ‘நோட்டா’ பொத்தான் பிறந்தது. அடுத்த மாதமே, சுப்பிரமணியன் சுவாமி வழக்கில், வாக்கைக் காகிதச் சீட்டில் காட்டும் விவிபேட் கருவியைப் படிப்படியாகப் பொருத்த உத்தரவு வந்தது. சீட்டு ஏழு விநாடி கண்ணாடிக்குள் தெரிந்து பெட்டிக்குள் விழும். அதில் வாக்காளர் பெயர் இராது. எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும், இல்லையேல் வாக்குச்சீட்டுக்கே திரும்ப வேண்டும் என்ற கோரிக்கைகளை 2024 ஏப்ரல் 26இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

தனிமனிதரின் வாக்கு இவ்வாறு காக்கப்பட்டாலும் ஊரின் வாக்கு வெளிப்பட்டே நிற்கிறது. இது பெருங்குறை. பல சாவடிகளின் வாக்குச்சீட்டுகளைக் கலந்து எண்ண 59-ஏ விதி வழி செய்திருந்தது. இயந்திரமோ சாவடி வாரியாக எண்ணப்படுகிறது. முடிவு படிவம் 20இல் வெளியாகிறது. மணப்பாறைத் தொகுதியில் வையம்பட்டி வட்டாரத்துச் சிற்றூர் எந்தக் கட்சியைக் கைவிட்டது என்பதை வென்றவரும் தோற்றவரும் அதில் பார்த்துக்கொள்ளலாம். சாலைக்கும் குடிநீருக்கும் அவர்களிடமே போய் நிற்க வேண்டிய மக்களுக்கு இது அச்சம் தரக்கூடியது. பல இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்துக் கூட்டும் ‘டோட்டலைசர்’ கருவியை 2008இல் தேர்தல் ஆணையம் பரிந்துரைத்தது. 2015இல் சட்ட ஆணையத்தின் 255ஆவது அறிக்கையும் அதை ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. எண்ணிக்கை சாவடி வாரியாகவே தொடர்கிறது.