இரு நாடுகளுக்கு ஆடிய வீரர்

1930 ஆம் ஆண்டு யூலை 30 ஆந் திகதி, மொண்டெவிடேயோ நகரில் நடைபெற்ற முதலாவது உலகக் கிண்ண உதைபந்தாட்ட இறுதிப் போட்டியில், உருகுவே 4க்கு 2 என ஆர்ஜென்ரீனாவை வென்றது. தோற்ற அணியில் ஆடியவருள் ஒருவர் லூயிஸ் மொன்றி. நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1934 யூன் 10 ஆந் திகதி, உரோமாபுரியில் அடுத்த இறுதிப் போட்டி. செக்கோசிலோவாக்கியாவை 2க்கு 1 என வென்ற இத்தாலிய அணியிலே அதே மொன்றி நின்றார்! இரு நாடுகளின் சார்பில் இரு இறுதிப் போட்டிகளில் ஆடியவர் அவர் ஒருவரே.

இஃது எவ்வாறு இயன்றது? பிழைப்பு நாடிக் கடல் கடந்த இத்தாலியரின் பிள்ளைகளையும் தன் குடிகளாகவே ஏற்றது இத்தாலியின் 1912 ஆம் ஆண்டுச் சட்டம். அன்று இத்தாலிக்கு முதற் கோலைப் போட்ட ஓர்சியும், உடன் ஆடிய குவைற்றாவும் ஆர்ஜென்ரீனாவிற் பிறந்தவர்களே. படைச் சேவைக்குக் கடமைப்பட்டோர் பந்தாடவும் உரியர் என்பது பயிற்றுநர் பொற்சோவின் வாதம்.

அவ்வாதம் விரைவிலேயே சோதனைக்குள்ளாயிற்று. 1935 இல் அபிசீனியாமீது போர் தொடுக்க முசோலினி படை திரட்டினார். தாமும் படைக்கு அழைக்கப்படலாம் என்று அஞ்சிய குவைற்றா, இரகசியமாக இத்தாலியை விட்டு நீங்கினார். நேற்றுவரை நம்மவர் எனப் போற்றப்பட்டவர், இன்று தூற்றப்பட்டார். வெற்றிக்காக வரவேற்ற நாடு உயிரையும் கேட்கக்கூடும் என்பதை அவர் அன்று உணர்ந்தார்.