தலைச்சுமையும் கழுத்தெலும்பு முள்ளும்: ஓர் இரட்டையர் ஆய்வின் மறுவாசிப்பு

முதுமையில் முதுகெலும்பின் விளிம்புகளில் முளைக்கும் எலும்பு முள்ளுக்குப் பரம்பரையே முதற்காரணம், உழைப்பின் பங்கு சொற்பம் என்ற கருத்து தேய்மான ஆய்வாளர் சிலரிடம் முடிந்த முடிபாகிவிட்டது. தடுப்பு பற்றிய பேச்சும் உடற்பயிற்சி, எடைக் குறைப்பு என்ற தனிமனித அறிவுரைகளோடு நின்றுவிடுகிறது. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் தலைச்சுமை தூக்கிப் பிழைப்போரை முன்வைத்துப் பார்த்தால், இம்முடிபு தன் ஆதாரத்தின் எல்லையைத் தாண்டிப் போயிருப்பது தெரியும்.

அந்த ஆதாரங்களுள் முதன்மையானது, பாட்டியே (Battié) என்ற ஆய்வாளரின் குழுவினர் 1995இல் ‘ஸ்பைன்’ இதழில் வெளியிட்ட ஃபின்லாந்து ஆய்வு. ஒருகரு இரட்டையரான ஆண்கள் 115 இணைகளின் இடுப்பு முதுகெலும்பை எம்.ஆர்.ஐ. எடுத்து, அவர்களின் வாழ்நாள் உழைப்போடு ஒப்பிட்டார்கள். மேல் இடுப்புப் பகுதியில், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டின் தேய்மானத்தில் காணும் வேறுபாட்டில் 7 விழுக்காட்டை உடற்சுமை விளக்கியது. வயதைச் சேர்த்ததும் அது 16 ஆனது. குடும்ப ஒற்றுமையையும் சேர்த்ததும் 77க்கு ஏறியது. பின்வந்தோர் பற்றிக்கொண்டது இந்த 77ஐத்தான். கீழ் இடுப்பில் அதே கணக்கு 2, 9, 43 என முடிந்தது. அங்கே பாதிக்கு மேல் விளக்கம் பெறவே இல்லை.

இந்த எண்ணைத் தலைச்சுமைக்குப் பொருத்துவதில் முதல் தடை, ஆய்வு அளந்தது இடுப்பு வட்டை என்பது. வட்டின் உயரம் குறையும்போது அதைச் சூழ்ந்த நார்வளையம் பிதுங்கி, முள்ளெலும்பின் விளிம்புச் சவ்வை இழுக்கிறது. அங்கே எலும்பு வளர்கிறது. ஆகவே வட்டுத் தேய்மானமும் முள்ளும் உறவுடையவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் தலையில் ஏற்றிய பாரம் முதலில் இறங்குவது கழுத்தில்.

இரண்டாவது தடை இன்னும் பெரியது. ஒருகரு இரட்டையரை மட்டும் எடுத்த ஆய்வில் மரபணுவின் பங்கையும் ஒரே வீட்டில் கழிந்த இளமையின் பங்கையும் பிரிக்க இயலாது. ‘குடும்பம்’ என்ற அந்த ஒற்றை மாறியில் இரண்டும் அடங்கும். கிள்ளையை அடுத்த முடசல் ஓடை மீன் இறங்குதளத்தில் இது ஏட்டுச் சிக்கலாக இராது. சேலைத் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, இன்னொருத்தி கைகொடுக்க, ஐஸ்தண்ணீர் சொட்டும் அன்னக்கூடையை ஒரு பெண் தலைக்கு ஏற்றுகிறாள். அந்தக் கணத்தில் கழுத்து விறைத்து, பார்வை நேர்க்கோட்டில் நிற்கிறது. தாய் செய்த மீன் வியாபாரம் மகளுக்கும் வரும்போது கழுத்தெலும்பின் அமைப்போடு கூடையும் சேர்ந்தே வருகிறது. இருவரின் எக்ஸ்ரேயும் ஒத்திருந்தால் அதை மரபணுவின் கணக்கில் மட்டும் எப்படி எழுதுவது?

ஒருகரு, இருகரு இரட்டையரை ஒப்பிட்டு 1999இல் வந்த ஆய்வு, கழுத்து வட்டுக்கும் மரபுப் பங்கு 70 விழுக்காட்டைத் தாண்டுவதாகச் சொன்னதே என்பார்கள். ஆனால் மரபுப் பங்கு என்பது அந்தந்த மக்கள்தொகைக்குள் காணும் வேறுபாட்டின் விகிதம். எல்லோரின் சுமையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்குமிடத்தில் அது தானே உயரும். நெல்லிக்குப்பம் பக்கத்தில் கரும்புக்கட்டைத் தலையில் வைத்துச் சாய்ந்த பலகை வழியே லாரி மேல் ஏறுபவருக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது.

கானா மக்களைப் பற்றி 1994இலும் சியரா லியோன் மக்களைப் பற்றி 1997இலும் வெளிவந்த எக்ஸ்ரே ஆய்வுகள், தலைச்சுமை தூக்குவோரிடம் கழுத்துத் தேய்மானம் கூடுதல் என்றே காட்டின. அவை சிறிய ஆய்வுகள்; படத்தில் தெரியும் முள்ளெல்லாம் வலி தருவதுமில்லை. ஆயினும் அவை சுட்டும் திசை தெளிவு.

ஆகவே இவ்வட்டாரத்தில் தடுப்பு என்பது இறங்குதளத்தில் இடுப்புயர மேடை, சந்தைவரை தள்ளுவண்டி, எடை குறைந்த கூடை ஆகியவற்றில் தொடங்க வேண்டும். கை மரத்து, நடை தள்ளாடினால் தண்டுவடம் நெருக்கப்படுகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து இன்று அரசுக் கல்லூரியாகியுள்ள சிதம்பரம் மருத்துவமனையில், கழுத்து எக்ஸ்ரே எடுக்கும் ஒவ்வொருவரிடமும் எத்தனை ஆண்டு, எவ்வளவு பாரம் தலையில் சுமந்தார் என்று கேட்டுப் பதியலாம். அந்தப் பதிவு சேரும்வரை, உழைப்பின் பங்கு சொற்பம் என்று இம்மக்களிடம் சொல்ல எந்த ஆய்வுக்கும் தகுதியில்லை.