தடயம் விடாதே என்றால், யாருடைய தடயம்?

மலையேற்றக் குழுக்களில் புதிதாகச் சேரும் நம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தரப்படும் விதி 'தடயம் விடாதே' என்பது. பிளாஸ்டிக் போடாதே, பாறையில் பெயர் எழுதாதே, பூவைப் பறிக்காதே, தீ மூட்டாதே. நல்ல விதிதான். மாணவர்களை அழைத்துக்கொண்டு காட்டுப் பக்கம் போகும்போது நானும் இதைத்தான் சொல்கிறேன். இந்த விதி அமெரிக்காவின் காடுகளிலிருந்தும் தேசியப் பூங்காக்களிலிருந்தும் உலகம் முழுக்கப் பரவியது. இயற்கையைக் கெடுக்காத சுற்றுலா என்று பேச்சு வந்தாலே அந்தப் பூங்காக்களைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். அதனால் அவற்றின் வரலாற்றைக் கொஞ்சம் கிளறிப் பார்ப்போம். மனிதரின் தடயமே இல்லாத இடம் என்று புகழப்படும் அந்தக் காடுகளில், தடயம் எப்படி இல்லாமல் போனது?

கலிஃபோர்னியாவில் யோசெமிட்டி என்றொரு பள்ளத்தாக்கு. ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் பேர் வந்து போகிறார்கள். அங்கே அவானீச்சி என்னும் பூர்வகுடி மக்கள் வாழ்ந்துவந்தார்கள். 1848இல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தது, வெள்ளையர் வந்து குவிந்தார்கள். 1851இல் மரிப்போசா படை பள்ளத்தாக்குக்குள் புகுந்து, குடிசைகளையும் அந்த மக்கள் உணவுக்காகச் சேமித்து வைத்திருந்த ஓக் கொட்டைகளையும் எரித்தது. அவர்களின் தலைவர் டெனாயா. பிடிபட்ட அவருடைய மகன்களில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்தப் படையில் லஃபாயெட் பனெல் என்பவர் இருந்தார். டெனாயாவையும் அவருடைய மக்களையும் சிறைபிடித்த இடத்தில் இருந்த ஓர் அழகான ஏரிக்கு, டெனாயாவின் பெயரையே வைத்தார். இதைக் கௌரவம் என்று நினைத்து அவரிடமே போய்ச் சொல்லியும் இருக்கிறார். அந்த ஏரிக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதே என்றாராம் டெனாயா. இதைப் பனெலே பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். இன்று வரைபடத்தில் டெனாயா ஏரி என்றுதான் இருக்கிறது. பெயர் வைக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1864இல் லிங்கன் அந்தப் பள்ளத்தாக்கைப் பொதுமக்கள் கண்டு களிப்பதற்காகக் கலிஃபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அடிமை முறையை ஒழிக்கப் போர் நடத்திக்கொண்டிருந்த அதே லிங்கன்தான். 1890இல் யோசெமிட்டி தேசியப் பூங்காவானது. விரட்டப்பட்டவர்களில் பலர் சிறுகச் சிறுகத் திரும்பி வந்தார்கள். விடுதிகளில் துணி துவைத்தார்கள், விறகு வெட்டினார்கள், கூடை முடைந்து விற்றார்கள். சொந்த மண்ணிலேயே கூலிகள். 1916 முதல் 1929 வரை 'இந்தியர் திருவிழா' ஒன்று நடத்தப்பட்டது. சினிமாவில் பார்க்கும் 'செவ்விந்தியர்' மாதிரி இருக்க வேண்டும் என்று, எங்கோ சமவெளியில் வாழும் வேறு இனத்தாரின் உடையையும் இறகுத் தலைப்பாகையையும் இவர்களை அணியச் செய்தார்கள்.

அதன் பிறகு அவர்களைச் சின்னச் சின்ன வீடுகள் கொண்ட புதுக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். 1953இல், பூங்காவில் நிரந்தர அரசு வேலையில் இருப்பவர் மட்டுமே அங்கே குடியிருக்கலாம் என்ற விதி வந்தது. வேலை போனால் வீடும் போனது. காலியான வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. மிஞ்சியவற்றை 1969இல் தீயணைப்புப் பயிற்சி என்ற பெயரில் கொளுத்தினார்கள். பயணிகளைத் தடயம் விடாமல் போகச் சொல்லும் ஒரு நிர்வாகம், ஒரு மக்களின் தடயத்தை இப்படித்தான் அழித்தது.

தோழர்களே, இதில் சூழலியல் பாடம் ஒன்றும் இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் புல்வெளிகளையும் ஓக் மரங்களையும் பார்த்து, மனிதக் கை படாத இயற்கை என்று வெள்ளையர் வியந்தார்கள். உண்மையில் அது பராமரிக்கப்பட்ட தோட்டம். பூர்வகுடிகள் காலம் பார்த்துச் சிறு சிறு தீ வைத்துப் புதரை ஒழுங்குபடுத்தினார்கள். அதனால்தான் கருப்பு ஓக் மரங்களுக்கு வெயில் கிடைத்தது, புல்வெளி திறந்து கிடந்தது. அவர்களை விரட்டியதோடு தீயும் தடைசெய்யப்பட்டது. ஊசியிலை மரங்கள் நெருக்கியடித்து வளர்ந்தன. டெனாயாவின் பேத்தி டோட்டூயா சிறுமியாக அந்த இடத்தைவிட்டுப் போனவர். 78 ஆண்டுகள் கழித்து, 1929இல் திரும்பி வந்து பார்த்தபோது, இடம் அழுக்காகப் புதர் மண்டிக் கிடக்கிறதே என்று குறைபட்டுக்கொண்டார். உலகமே மெச்சிய காட்டைப் பார்த்து ஒரு பாட்டி சொன்ன விமர்சனம் அது. காட்டுத்தீயைக் கட்டுப்படுத்தத் திட்டமிட்ட சிறு தீ வேண்டும் என்று இன்று அங்கே நிபுணர்கள் சொல்கிறார்கள்.

அதே யோசெமிட்டியை 1899, 1903, 1904ஆம் ஆண்டுகளின் கோடைக்காலங்களில் காவல் காத்தவர்கள் கறுப்பினப் படைவீரர்கள். வேட்டைக்காரர்களையும் மேய்ச்சல்காரர்களையும் தடுத்தார்கள், தீயை அணைத்தார்கள், பாதை போட்டார்கள். அருகிலுள்ள செக்கோயா பூங்காவுக்கு 1903இல் பொறுப்பு அதிகாரியாக வந்தவர் கேப்டன் சார்லஸ் யங். 1864இல் அடிமையாகப் பிறந்து, வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் பட்டம் பெற்ற மூன்றாவது கறுப்பினத்தவர். ஆண்டுக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்த சாலையை ஒரே கோடையில் ராட்சத மரங்கள் நிற்கும் காடு வரை முடித்துக்காட்டினார். ஒரு மரத்துக்கு அவர் பெயரை வைக்கலாம் என்று ஊரார் சொன்னபோது, இருபது ஆண்டு கழித்தும் இதே எண்ணம் இருந்தால் பார்க்கலாம் என்று மறுத்துவிட்டார். 2004இல்தான் ஒரு மரத்துக்கு அவர் பெயர் வந்தது.

யங்கின் கதையைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கறுப்பினக் குதிரைப்படை அதற்கு முந்தைய ஆண்டுகளில் அப்பாச்சி முதலான பூர்வகுடிகளுக்கு எதிரான போர்களிலும் ஏவப்பட்டது. ஒடுக்கப்பட்ட ஒருவரின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து இன்னொரு ஒடுக்கப்பட்டவரைக் குறிபார்க்கச் சொன்னது அந்த அரசு. இதை மறைத்துவிட்டுப் பெருமையை மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

இனி வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பூங்கா. தலைநகர் வாஷிங்டனிலிருந்து சில மணி நேரத்தில் போய்விடலாம். 1935இல் அமைக்கப்பட்டது. அதற்காக மலையில் வாழ்ந்த ஏறத்தாழ 500 குடும்பங்களின் நிலம் எடுக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஏழை வெள்ளையர். பூங்கா மக்களின் வரிப்பணத்தில் நடந்தது. ஆனாலும் கறுப்பினத்தவருக்குத் தனி இடம். 1939இல் லூயிஸ் மவுண்டனில் அது திறக்கப்பட்டது. 'நீக்ரோ பகுதி' என்று கொட்டை எழுத்தில் பெயர்ப்பலகை. கீழே காபிக் கடை, குடில்கள், கூடாரம் அடிக்கும் இடம், சாப்பாட்டு இடம் என்று பட்டியல். 105 மைல் நீளமுள்ள மலைச்சாலையில் எங்கே நிறுத்திச் சாப்பிடலாம், எங்கே தூங்கலாம் என்பதை அந்தப் பலகை முடிவுசெய்தது. நம் ஊர் டீக்கடையின் தனிக்குவளையை மலை உச்சியில் கட்டிவைத்தது போல.

இதில் கவனிக்க வேண்டியவர் உள்துறைச் செயலர் ஹெரால்ட் இக்கீஸ். கறுப்பின உரிமைச் சங்கத்தின் சிகாகோ கிளைக்குத் தலைவராக இருந்தவர், முற்போக்காளர். அவருடைய துறையின் கீழேதான் இந்தப் பலகை நின்றது. உள்ளூர் வழக்கத்தை மீற முடியாது என்று பூங்கா நிர்வாகம் சொன்னது. 'ஊர் வழக்கம்' என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு உள்ளுக்குள் ஏதோ செய்யும், இல்லையா? அவருடைய ஆலோசகராக இருந்த வில்லியம் ட்ரென்ட் என்ற கறுப்பினத்தவர் இதை விடாமல் எதிர்த்தார். பின்னக்கிள்ஸ் என்ற சாப்பாட்டு இடம் முதலில் எல்லோருக்கும் பொதுவானது. போர்க்காலம் முடிந்து, 1950 வாக்கில்தான் முழுப் பூங்காவும் பொதுவானது.

அங்கே போய்ச் சேருவதே அன்று பெரும்பாடு. எந்த ஊரில் பெட்ரோல் போடலாம், எந்த வீட்டில் இரவு தங்கலாம் என்று கறுப்பினப் பயணிகளுக்காகவே தபால்காரர் விக்டர் கிரீன் 1936இல் ஒரு கையேட்டைத் தொடங்கினார். முப்பது ஆண்டு அது வெளிவந்தது. காட்டை ரசிப்பதற்கு முன்னால் உயிரோடு போய்ச் சேர வேண்டும் அல்லவா?

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தேசியப் பூங்கா என்ற அதே அமைப்பை இங்கும் நிலைப்படுத்தியது. காட்டில் வாழும் உரிமையைச் சட்டத்தைக் காட்டிக் கேட்கப் பழங்குடிகள் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. அடுத்தமுறை மலையேறும்போது, அந்த மலையடிவாரத்தில் யார் வசித்தார்கள், இப்போது எங்கே வசிக்கிறார்கள் என்று உங்கள் வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அந்த வழிகாட்டியே அவர்களில் ஒருவராகத்தான் இருப்பார்.

யோசெமிட்டியில், கொளுத்தப்பட்ட குடியிருப்பு இருந்த இடத்துக்கு வாஹோகா என்று பெயர். அங்கே மீண்டும் தங்கள் கிராமத்தை எழுப்பிச் சடங்குகள் நடத்திக்கொள்ளத் தெற்கு சியரா மிவுக் மக்களோடு 2018இல் பூங்கா நிர்வாகம் ஒப்பந்தம் போட்டது. கடைசி வீடு எரிந்து அப்போது 49 ஆண்டுகள் ஆகியிருந்தன.