பணியாள் வேண்டாத பதிவேடு



பள்ளிகளில் சேர்க்கைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. வரிக்கு ஒரு மாணவன். பத்திக்கு ஒரு விவரம். நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில் அது பீரோவிலும், பீரோவின் சாவி எழுத்தரிடமும் இருக்கும். ஒரு நாள் எழுத்தர் வரவில்லை. மாற்றுச் சான்றிதழ் கேட்டு வெளியூரிலிருந்து வந்த தந்தை ஒருவரை வெறுங்கையுடன் அனுப்ப நேர்ந்தது. ஏடு இருந்தது, எடுத்துத் தருவார் இல்லை.

இவ்விடர் ஒரு போர்க்கப்பலில் நேர்ந்தால் என்னாகும்? அந்த வரலாற்றையே இன்று கூற விழைகிறேன்.

கணினியில் செய்திகளை அட்டவணைகளாக அமைக்கலாம் என்று 1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்னும் அறிஞர் ஒரு கட்டுரையில் விளக்கினார். 1974இல் அதே நிறுவனத்தின் சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் அவ்வட்டவணைகளிடம் வினாத் தொடுக்க ஒரு மொழியை வகுத்தனர். அதுவே இன்று எஸ்.க்யூ.எல். எனப்படுகிறது. நாளடைவில் அட்டவணைகளைக் காக்க 'சர்வர்' என்னும் தனி நிரல் வந்தது. அது எழுத்தரைப் போன்றது. கேட்பவருக்கெல்லாம் அதுவே ஏட்டைப் பார்த்து விடை கூறும்.

அமெரிக்கரான ரிச்சர்ட் ஹிப், 'ஆஸ்கர் ஆஸ்டின்' என்னும் கடற்படைக் கப்பலுக்காக ஒரு நிரல் எழுதிவந்தார். தாக்குண்டு குழாய் உடைந்தால் எந்த வால்வை மூடுவது, எதைத் திறப்பது என்று அது கணித்துச் சொல்ல வேண்டும். வால்வுகளின் பட்டியலோ சர்வரிடம் இருந்தது. சர்வர் சில வேளைகளில் நின்றுவிடும். 'சர்வருடன் தொடர்பு இல்லை' என்னும் அறிவிப்பைத் திரையில் காட்டியது ஹிப்பின் நிரலே. ஆதலால் பழியும் அவர்மீதே விழுந்தது. பட்டியல் வட்டிலேயே இருக்கிறதே, அதை நேரே படித்தால் என்ன என்று அவர் சிந்தித்தார்.

அச்சிந்தனையின் பயனாக 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் 'எஸ்க்யூலைட்' பிறந்தது. இதில் சர்வர் இல்லை. தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பு. கோப்பை நகலெடுத்தால் தளமே நகலாகிவிடும். அதனுடன் ஒரு சிறு கருவியும் உண்டு. எழுத்துகள் மட்டுமே தோன்றும் முனையத்தில் அது இயங்கும். படங்களும் பொத்தான்களும் கிடையா. கட்டளையைத் தட்டச்சு செய்து அரைப்புள்ளி இட்டால் விடை வரும். அரைப்புள்ளியை மறந்தால், வாக்கியம் முடியவில்லை என்று கொண்டு மேலும் காத்திருக்கும். நிறுத்தற்குறியின் அருமையை நான் வகுப்பில் எத்தனையோ முறை சொன்னதுண்டு. இக்கருவி ஒரே நொடியில் உணர்த்திவிடுகிறது!

2001இல் ஹிப் தம் உரிமையைத் துறந்து, எஸ்க்யூலைட்டை உலகின் பொதுச்சொத்தாக்கினார். உரிமை அறிவிப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாழ்த்துரையை எழுதிவைத்தார். இன்று ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் ஐபோன்களிலும் அது உள்ளிருந்து உழைக்கிறது. தரவுகளை நெடுங்காலம் காப்பதற்கு ஏற்ற வடிவங்களுள் ஒன்றாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் அதனைப் பரிந்துரைக்கிறது.

இதனால் சர்வர் வீண் என்று கருதிவிடாதீர்கள். எஸ்க்யூலைட் கோப்பில் ஒரு நேரத்தில் ஒருவரே எழுத இயலும். பல்லாயிரவர் ஒருங்கே எழுதும் இடத்தில் எழுத்தர் இன்றியமையாதவரே. ஆனால் ஒருவர் மட்டும் படிக்கும் ஏட்டுக்கு எழுத்தர் எதற்கு? ஹிப் கேட்டது இந்த ஒரு கேள்விதான். எதைச் சேர்க்கலாம் என்று எண்ணுவோர் பலர்; எது இல்லாமலும் நடக்கும் என்று எண்ணியவர் அவர்.

உங்களுள் கணினி கற்போர் அச்சிறு கருவியைத் திறந்து, உங்கள் வகுப்பின் பெயர்ப்பட்டியலை ஓர் அட்டவணையாக அமைத்துப் பாருங்கள். அதற்கு யாரிடமும் சாவி கேட்க வேண்டியதில்லை.