சென்னைக் காசநோய் ஆய்வு

சென்னைக் காசநோய் ஆய்வு என்பது, காசநோயாளியைச் சானடோரியத்தில் சேர்க்காமல் வீட்டில் வைத்தே குணப்படுத்த முடியுமா என்று அறிய, 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வுத் திட்டமாகும். இதன் முடிவுகள் உலக நாடுகளின் காசநோய்க் கொள்கையையே மாற்றின.

பின்னணி

மருந்து இல்லாத காலத்தில் ஓய்வு, நல்ல காற்று, சத்துணவு ஆகியவையே காசநோய்க்குச் சிகிச்சை. அதற்காகவே சானடோரியங்கள் எழுந்தன. டாக்டர் சௌரி முத்து 1928-இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியத்தின் பெயர், அங்குள்ள ரயில் நிலையத்தில் இன்றும் நிலைத்திருக்கிறது. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952-இல் ஐசோனியசிட்டும் வந்தன. ஆயினும் நோயாளி மாதக்கணக்கில் படுக்கையில் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை மாறவில்லை. இந்தியாவிலோ நோயாளிகள் பல லட்சம் பேர். இருந்த படுக்கைகள் அவர்களில் மிகச் சிலருக்கே போதும்.

நால்வர் கூட்டு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இணைந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் இயக்குநர். இந்திய மருத்துவர்கள், செவிலியர், புள்ளியியலாளர் அவருடன் பணியாற்றினர்.

ஆய்வும் முடிவும்

193 நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மற்றவர் வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகளை உட்கொண்டனர். சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டிலிருந்தோருக்கு நெருக்கடியான இடம், குறைந்த உணவு, கூடுதல் உடலுழைப்பு. பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று, மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்படுகிறதா என்று சோதித்தனர்.

1959-இல் முடிவு வெளியானது. ஓராண்டின் இறுதியில் நோய் அடங்கியிருந்தவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. வீட்டுச் சிகிச்சையால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவில்லை என்பதும் பின்தொடர் ஆய்வில் தெரிந்தது. குணமாக்கியது மருந்தே, படுக்கை அல்ல என்பது உறுதியாயிற்று.

விளைவுகள்

1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டது. பணக்கார நாடுகளிலும் சானடோரியங்கள் மூடப்பட்டன. பணியாளர் முன்னிலையில் வாரம் இருமுறை மருந்து தரும் முறையைச் சென்னை மையம் அடுத்து ஆராய்ந்து, 1964-இல் முடிவை வெளியிட்டது. 1990-களில் உலகெங்கும் பரவிய டாட்ஸ் முறைக்கு இத்தகைய ஆய்வுகளே வேர். அந்த மையம் இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது.

முக்கியத்துவம்

உலகச் சுகாதாரத்தில் பணம் தருபவரே கேள்வியையும் முடிவு செய்வது வழக்கம். இங்கே கேள்வி ஏழை நாட்டினுடையது. விடை எல்லோருக்கும் பயன்பட்டது. வெளிநாட்டு வல்லுநர் சென்ற பிறகும் நிறுவனமும் பயிற்சி பெற்ற மனிதரும் இங்கேயே இருந்தனர். நியாயமான கூட்டுறவுக்கு இவையே அடையாளம்.

ஆனால் ‘வீட்டுச் சிகிச்சை மலிவானது’ என்பதை மட்டும் இந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்வது பிழை. அங்கே விலையில்லா மருந்தும், வீடு தேடி வந்த பணியாளரும் சிகிச்சையின் பகுதிகளாக இருந்தனர். படுக்கைச் செலவை மிச்சப்படுத்தும் அரசு அந்தப் பணியாளரின் சம்பளத்தையும் மிச்சப்படுத்தினால், நோயாளி வீட்டில் கைவிடப்பட்டவராகிறார்.